காக்கியா, கேமராவா, கொல்லை வரப்பா?

போன தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், சித்தி பையன் பாலக்கோட்டிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு நீள நோட்டு. பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் ‘டி.என்.பி.எஸ்.சி.’, வலது பக்கம் ‘என்.ஜி.ஓ.’ என்று தலைப்புப் போட்டு, கீழே சாதகம் பாதகமெல்லாம் எழுதி வைத்திருந்தான்.

“அக்கா, நீ காட்டு வேலையிலயே ஒம்பது வருஷம் ஓட்டிட்ட. எதுல போனா நல்லதுன்னு சொல்லு. அம்மா என்னடான்னா ஓசூர் சிப்காட்டுல சேருங்குது.”

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசியும் முடியவில்லை. அப்புறம் போனில் தொடர்ந்தோம். அவனைப் போல இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுவது இது. அதுவும், மாதச் சம்பளம் வராவிட்டால் வீட்டில் அடுப்புக்கே யோசிக்க வேண்டியவர்களுக்காக. சென்னையிலும் பெங்களூரிலும் வசதியான வீட்டில் பிறந்தவர்களுக்குக் கணக்கு வேறு.

என் பக்கச் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்செட்டி வட்டாரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நாலு வருடம், பிறகு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராக இரண்டு வருடம், இப்போது மூன்று வருடமாக நாலு ஊர் விவசாயிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சின்னச் சங்கத்தில் வேலை. காக்கி மட்டும் போட்டதில்லை. அதை என் வீட்டுக்காரரின் அண்ணன் போட்டிருக்கிறார், பாரஸ்ட் கார்டு. அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டதைத்தான் அந்தப் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

வேலை என்ன?

காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேர்த்து 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு வந்தது, 686 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், வடக்கே பன்னேர்கட்டா. வரைபடத்தில் பார்த்தால் ஒரே பச்சை. நேரில் போனால் பச்சைக்கு நடுவிலும் ஓரத்திலும் உரிகம், நாட்றாம்பாளையம், கொடகரை, பெட்டமுகிலாளம் என்று ஊர் ஊராக வரும். ராகி முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா பக்கத்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கித் தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வந்துவிடும். மாசி வரைக்கும் கொல்லைக்குக் கொல்லை (எங்கள் பக்கம் வயல்காட்டைக் கொல்லை என்போம்) ராத்திரிக் காவல்தான்.

நான் பரணில் உட்கார்ந்த முதல் ராத்திரியைச் சொல்கிறேன். நாலு கால் நட்டு, மேலே மூங்கில் பரப்பி, அதன்மேல் உரச்சாக்கு விரித்த பரண். கொல்லைக்காரத் தாத்தா அன்றைக்குப் பீடியே பற்ற வைக்கவில்லை. “அதுக்கு மூக்கு நம்ம கண்ணவிடத் தூரம் போவும்” என்றார். இரண்டு மணி இருக்கும். யானை வருவது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் ‘பொத், பொத்’ என்று ஒரு மெல்லிய சத்தம். ராகித் தாளை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் அடித்து மண்ணைத் தட்டிவிட்டு வாயில் போடுகிறது. அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு, அவ்வளவு பொறுமையாக. தாத்தா வெடி எடுக்கவில்லை. “போதும் சாமி, பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் வெச்சிட்டுப் போ” என்று பேசிக்கொண்டே இருந்தார்.

விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் போயிருந்தது. தின்றதைவிட மிதித்தது அதிகம். நிவாரண மனு எழுத உட்கார்ந்தோம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக், போட்டோ, வி.ஏ.ஓ. சான்று, வேளாண்மைத் துறையிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். இதில் இரண்டாவது வரியிலேயே முட்டிக்கொண்டது. தாத்தா உழுவது விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு. பட்டா பெங்களூரில் இருக்கும் பங்காளி பெயரில். மனுவே நகரவில்லை.

சமூகம் சார்ந்த வனவிலங்குப் பாதுகாப்பு என்று பாடத்தில் படித்துவிட்டு வருகிறோமே, அது பாதிக்கு மேல் இதுதான். மனு எழுதுவது, பரணில் உட்காருவது, ரேஞ்ச் ஆபீசுக்கும் ஊருக்கும் நடுவே நடப்பது. புலி சிறுத்தையெல்லாம் எப்போதாவது. இந்த வேலைக்கு ஊர் உன்னை நம்ப வேண்டும். நம்ப வேண்டுமானால் அதே முகம் மூன்று ராகிப் பருவமாவது திரும்பத் திரும்ப வர வேண்டும். அதனால் ‘எது நல்லது’ என்ற கேள்வியை நான் ‘எது உன்னை ஒரே ஊரில் நீண்ட நாள் இருக்க விடும்’ என்று மாற்றிக்கொண்டேன். சங்கடம் என்னவென்றால், இருக்கிற எல்லா வழியும் உன்னை எப்போதாவது ஊரைவிட்டுக் கிளப்பும். காக்கியை இடமாறுதல் கிளப்பும். ஆராய்ச்சியை உதவித்தொகை முடிவது கிளப்பும். என்.ஜி.ஓ.வை ஃபண்டு. சொந்தமாகச் செய்பவரை வீட்டுச் செலவு.

காக்கி

இதில் நாலைந்து படி இருக்கிறது. பலருக்கு ஒரு படிதான் தெரிகிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணி. 21 வயது முதல் 32 வரை, விலங்கியல் படித்தவர்கள் எழுதலாம், தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். அடுத்தது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1ஏ, உதவி வனப் பாதுகாவலர். அதற்கடுத்து குரூப் 6, ஃபாரஸ்ட் அப்ரண்டிஸ். பயிற்சி முடித்தால் ரேஞ்சர். கார்டு, வாட்ச்சர் வேலைகள் 2024-இலிருந்து குரூப் 4-க்குள் வந்துவிட்டன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. நம் பக்கத்து அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் இந்தச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வைக்க வேண்டும். கார்டு வேலைக்கு நடைத் தேர்வு இருக்கிறது: ஆண்களுக்கு நாலு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16. எங்கள் அண்ணன், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், பாலக்கோடு–மாரண்டஅள்ளி ரோட்டில் விடியற்காலை நாலு மணிக்கு நடந்து நடந்துதான் தேறினார்.

காக்கியிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லாத ஒன்று: அதிகாரம். வழக்குப் போட, நிவாரணக் கோப்பை நகர்த்த, வண்டி அனுப்ப, கும்கி கேட்க எல்லாம் அவர்களால்தான் முடியும். நல்ல ரேஞ்சர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்வதை ஒரு நிறுவனம் ஐந்து வருடத்தில் செய்ய முடியாது. இதை என்.ஜி.ஓ.காரியாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

ஆனால் ஜீப் சத்தம் கேட்டதும் ஊர் எப்படி மாறுகிறது என்றும் பார்த்திருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்த இருளர் பெரியவர் ஒருவர், ஜீப் திரும்பியதும் சத்தமில்லாமல் எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். அவர்மேல் எந்த வழக்கும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான். அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். நீ எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்தச் சட்டையோடு அந்த பெஞ்சில் உட்கார ஒரு வருடம் ஆகும். உட்கார்ந்து ஒரு வருடம் ஆனதும் இடமாறுதல் வரும்.

2023 மார்ச் 7-ஆம் தேதி மாரண்டஅள்ளி பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. கொல்லைக்காரர் கைதானார். பத்து நாள் கழித்துக் கம்பைநல்லூர் பக்கம் இன்னொரு யானை, ஏரிக்கரை ஏறும்போது தாழ்வாகப் போன மின்கம்பி பட்டுச் செத்தது. அந்த வாரம் எங்கள் அண்ணன் வீட்டுக்கே வரவில்லை. காவல், பிரேதப் பரிசோதனை, குட்டிகளைப் பின்தொடர்வது, மேலதிகாரிகளோடு சுற்றுவது. ஊர்க்காரர்கள் அவரிடம் பேசவில்லை. அவர் கைது செய்கிற பக்கம். நான் அதே வாரம் வேறு ஓர் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து, ‘யானை செத்தா ஜெயிலு, நாங்க செத்தா மாலை’ என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் பேசினார்கள். ஆனால் என்னால் ஒரு கம்பியைக்கூட அவிழ்க்க முடியாது. இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பெரும்பாலும் உள்ளூர்ப் பழங்குடிப் பையன்கள், தொகுப்பூதியம். காடு தெரிந்தவர்கள் அவர்கள்தான். எம்.எஸ்சி. முடித்தவனுக்கு அந்த வேலையைச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வழியில் போனாலும் முதல் மாதம் அவர்கள் பின்னால் நட என்று சொல்வேன்.

கேமரா

ஆராய்ச்சி வழி. மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்னும் தேசிய உயிரியல் அறிவியல் மையம், இரண்டும் நாட்டிலேயே பெயர்பெற்றவை. எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். பி.எச்டி. போய் மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது கிடைக்காமல் வெறும் திட்ட உதவியாளராக இருந்தால் அதில் பாதிகூட வராமல் போகலாம். எனக்கு வந்தது அப்படித்தான்.

என் மனதுக்குப் பிடித்த வேலை இதுதான் என்பதை ஒளிக்க மாட்டேன். கேமரா டிராப்பிலிருந்து (எது கடந்தாலும் தானாகப் படமெடுக்கும், காட்டில் கட்டி வைக்கும் கேமரா) மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டு, ஆயிரம் வெறும் புல் படத்துக்கு நடுவே ஒரு நரை அணில், ஒரு கரடிக் குடும்பம், சின்னாற்று ஓரத்தில் நீர்நாய் என்று வரும்போது சோறு தண்ணி மறந்துபோகும்.

ஒரு சம்பவம். படங்களில் நல்லதாகப் பத்தை லேமினேட் செய்து ஊர் டீக்கடையில் ஒட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு பாட்டி மட்டும் எல்லாப் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் சரி கண்ணு. நாங்க காலைல ஒதுங்கப் போறப்ப எடுத்ததெல்லாம் எங்க வெச்சிருக்க?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் அந்தப் படங்களும் இருந்தன. சுள்ளி பொறுக்கும் பெண்கள், மாடு ஓட்டிப் போகும் பிள்ளைகள், ஒதுங்க வந்தவர்கள். ‘மனிதர்’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தோம். கேமராவை ஊரில் யாரிடமும் கேட்டுக் கட்டவில்லை. வனத்துறை அனுமதிக் கடிதம் மட்டும் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே அந்த ஃபோல்டரை அழித்தேன். இரண்டு கேமராவைப் பாட்டி சொன்ன இடத்துக்கு மாற்றினோம். மாற்றிய இடத்தில் முன்னைவிட நல்ல படம் வந்தது, அது வேறு.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: கேள்வி யாருடையது? ‘காவிரி வடக்கில் சிறுத்தைகள் எத்தனை’ என்பது நல்ல கேள்விதான். ஆனால் ஊர் கேட்பது ‘இந்த வேலி போட்டா யானை அந்தப் பக்கம் எந்தக் கொல்லைக்குப் போவும்?’ அதற்கும் ஆராய்ச்சி வேண்டும். அதைச் செய்ய ஆள் குறைவு. அதைச் செய்தவர்கள் பெயர் நிலைத்திருக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் யானை நடமாட்டத்தை வருடக்கணக்காகக் குறித்து, அதைக்கொண்டு எஸ்.எம்.எஸ்., டிவியில் ஓடும் எழுத்து, தூரத்திலிருந்து தெரியும் சிவப்பு விளக்கு என்று முன்னெச்சரிக்கை கொடுத்தார்கள். ஆராய்ச்சியும் ஊர் வேலையும் அங்கே ஒன்றாகவே நடந்தன. அதற்கு அவர்கள் அங்கேயே தங்கினார்கள்.

இந்த வழியின் ஆபத்து, ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழகப் பழக ஊரில் பேசும் நேரம் குறைந்துகொண்டே போவது. மூன்று வருடம் களத்தில் எடுத்த தரவைப் பெங்களூர் அறையில் இரண்டு வருடம் எழுதுவார்கள். திரும்பி வரும்போது தாத்தா இருக்க மாட்டார்.

என்.ஜி.ஓ.

பேசி வைத்ததுபோல எல்லாரும் முதலில் வருவது இதற்குத்தான். பரீட்சை இல்லை, நேர்காணல் ஒன்று, பைக் ஓட்டத் தெரியுமா, கன்னடம் தெரியுமா, தீர்ந்தது. (கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் பேசத் தெரிந்தால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உன் மதிப்பே வேறு. எம்.எஸ்சி. சான்றிதழைவிட அது பெரியது.) நான் சேர்ந்தபோது சம்பளம் 14,000. விட்டபோது 22,000. நடுவில் ஒருமுறை மூன்று மாதம் வரவே இல்லை. மேலிடத்திலிருந்து பணம் வரவில்லை என்றார்கள், உண்மையாகவே வரவில்லை.

ஏன் வருவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின் வெளிநாட்டுப் பணம் பெறும் பெரிய நிறுவனம் அதைச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. களத்தில் இருக்கும் குட்டி நிறுவனங்களில் பலவற்றுக்குத் தண்ணீர் வந்த வாய்க்காலே அதுதான். இப்போது மிஞ்சியது உள்நாட்டு அறக்கட்டளைகளும் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணமும். அவை வருடத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும். யானை அப்படி முடிக்காது.

என் வாழ்க்கையில் நான் மறக்க நினைக்கும் விஷயம் ஒன்று இதில்தான் நடந்தது. பதினொரு விவசாயிகளுக்குச் சேர்த்து ஒரு சோலார் வேலி போட்டோம். முறையான வேலிதான்: 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து எனர்ஜைசர் பெட்டி விநாடிக்கு ஒரு தரம் விட்டுவிட்டு அடிக்கும் துடிப்பு, யானைக்கு அதிர்ச்சி, சாவு இல்லை. முதல் பருவம் யானை தொட்டுவிட்டுத் திரும்பியது. ஊரே எனக்குச் சாப்பாடு போட்டது. மூன்றாவது வருடம் திட்டம் முடிந்தது, நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. வேலியடியில் புல் வெட்ட முறை வைத்திருந்தோம், அது நின்றது. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரி செத்தது. புது பேட்டரி யார் வாங்குவது என்று சண்டை. பெட்டி நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் கடைக்காரர் வாரண்டி தரவில்லை. கார்த்திகையில் யானை செத்த கம்பியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது. பதினொரு பேரில் ஒருவர், எனக்கு மோர் கொடுத்தவர், வீட்டிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கம்பியில் மாட்டிவிட்டார். நல்லவேளை, வாட்ச்சர் பார்த்து ராத்திரியே பிடுங்கிவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் மாரண்டஅள்ளி இன்னொன்று. அந்த வேலி நான் போட்டது.

இப்போது தமிழ்நாட்டில் மின்வேலிக்கு 2023 விதிகள் வந்து, பதிவு செய்துதான் போட வேண்டும். நல்லது. ஆனால் புல்லை யார் வெட்டுவது என்பதை எந்த விதியும் சொல்லாது.

என்.ஜி.ஓ. வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே கற்றுக்கொண்டதுபோல வேறெங்கும் கற்றுக்கொள்ளவில்லை. நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பதைவிட நீ அவர்களைக் கேள்: பணம் யாருடையது, எந்த மாதம் வரை, முடிந்தபின் இந்த ஊரில் யார் இருப்பார்கள். மூன்றாவது கேள்விக்கு முழிப்பவர்களிடம் ஒரு வருடத்துக்கு மேல் இருக்காதே.

பெண்களுக்கு இன்னும் இரண்டு கேள்வி: தங்குமிடத்தில் கழிவறை இருக்கிறதா, ராத்திரி வண்டி யாருடையது. அஞ்செட்டிக்கு மேலே கடைசி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். நான் ஒரு வருடம் அங்கன்வாடி ஆயா வீட்டுத் திண்ணையில் தங்கினேன். ‘கல்யாணம் ஆகாத பொண்ணு காட்டுல என்ன வேலை’ என்று ஊரில் கேட்டவர்களைவிட என் சொந்தக்காரர்கள்தான் அதிகம் கேட்டார்கள்.

சி.எஸ்.ஆர். வேலை என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும்; ஓசூரைச் சுற்றிக் கம்பெனிக்குப் பஞ்சமில்லை. சம்பளம் நன்றாக இருக்கும், சித்திக்கும் சந்தோஷம். செய்வது பெரும்பாலும் செடி நட்டுப் போட்டோ எடுப்பது. ஐந்து வருடம் கழித்துப் பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் நம் ஊர்க்காரர் உட்கார்ந்தால் நல்லதுதான். 24 வயதில் வேண்டாம்.

கொல்லை வரப்பு

கடைசி வழிக்கு வேலைவாய்ப்பு அறிவிப்பே வராது. ஊரிலேயே இருந்து, ஊர்க்காரர்களோடு ஒரு சங்கமோ உற்பத்தியாளர் குழுவோ கட்டுவது. ‘இது ஒரு கேரியரா’ என்று பையன் கேட்டான். தருமபுரி மாவட்டத்திலேயே சிட்லிங்கி இருக்கிறது. 1993-இல் இரண்டு டாக்டர்கள் பழங்குடி மக்களுக்காகக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனை. அதைச் சுற்றி இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் தையல் வேலை என்று வளர்ந்தது. வனவிலங்கு வேலை இல்லைதான். ஆனால் ஒரே பள்ளத்தாக்கில் முப்பது வருடம் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதைவிடப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

காட்டுப் பக்கம் என்றால் கோத்தகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் தேன் எடுக்கும் பழங்குடிகளோடு அதே 1993-இலிருந்து இருக்கிறது. காவிரிக்கு அக்கரையில் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடிகள் உண்ணிச்செடியை வெட்டி நாற்காலி, மேசை செய்கிறார்கள். காட்டை மூடிக்கொண்டிருக்கும் செடியும் குறைகிறது, கையில் காசும் வருகிறது. நம் பக்கம் புளி, சீத்தாப்பழம், தேன், ராகி எல்லாம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டைக் காக்கும் உரிமையே கிராம சபைக்கு உண்டு. மனு நிரப்பத் தெரிந்த, வரைபடம் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் இல்லாததால்தான் பல ஊரில் அது காகிதமாகக் கிடக்கிறது.

இதன் குறை வெளிப்படை: பணம். எங்கள் சங்கம் எனக்குத் தருவது மாதம் 12,000. வீட்டுக்காரருக்கு நிரந்தரச் சம்பளம் இருப்பதால்தான் நான் இதில் இருக்கிறேன். இதை மறைத்துவிட்டு ‘மனசுக்குப் பிடித்ததைச் செய்’ என்று பிள்ளைகளிடம் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். இன்னொன்று, 24 வயதுப் பையன் நேராக ஊரில் போய்ச் சங்கம் கட்ட முடியாது. ஊர் சிரிக்கும். எங்காவது ஐந்தாறு வருடம் அடிபட்டுவிட்டு வர வேண்டும்.

சரி, என்ன சொன்னேன்?

அவன் வீட்டில் இரண்டு ஏக்கர் தக்காளி இருக்கிறது, தங்கை கல்லூரியில், கல்விக் கடன் பாக்கி. படித்தது தமிழ்வழி. கன்னடம் பேசுவான். அதை வைத்துச் சொன்னேன்: குரூப் 6-க்கும் குரூப் 4-க்கும் படி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்காதே; ஒரு ராகிப் பருவம் முழுவதும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் களத்தில் இரு. சம்பளம் பெட்ரோலுக்கும் புத்தகத்துக்கும் வந்தால் போதும். ரேஞ்சராக உள்ளே போகிறவன் பரணில் உட்கார்ந்தவனாக இருந்தால் அந்த மனு வரிசையே மாறும். வனவிலங்கு முதுகலை, பி.எச்டி. எல்லாம் மூன்று பருவம் பார்த்தபின் யோசிக்கலாம். அப்போது கேள்வி உன்னிடமே இருக்கும்.

கடன் இன்னும் அதிகமாக இருந்திருந்தால் களத்தையே சொல்லியிருக்க மாட்டேன், நேரே பரீட்சைதான். வீட்டில் தாங்க ஆள் இருந்து, ஆங்கிலமும் கணக்கும் பயமில்லாமல் இருந்திருந்தால் ஊட்டிக்கோ டேராடூனுக்கோ அனுப்பியிருப்பேன்.

சித்திக்கு என்மேல் இன்னும் வருத்தம். பையன் ஆடியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தான், 18,000. காலையில் பொது அறிவுப் புத்தகம், ராத்திரி காவல். போன வாரம் ஒன்பது மணிக்கு மேல் போன் வந்தது. பின்னால் யாரோ டின் தட்டும் சத்தம்.

“அக்கா, வேலிப் பெட்டியோட பேட்டரி இறங்கிட்டே இருக்கு. தண்ணி எவ்வளவு ஊத்தணும்?”

“டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்து, தகடு முங்குற அளவுக்கு. மொதல்ல வேலிக்கடியில புல்லப் பாரு.”

“புல்லு வெட்டியாச்சு. இது பழசு, மாத்திடலாம்ங்கறாங்க. நாளைக்குக் கடைக்குப் போறேன். பில்லு எங்க ஆபீஸ் பேர்லயே போட்டுரட்டுமா?”

“வேண்டாம்டா. ஊர்ச் சங்கத்து பேர்ல போடு. வாரண்டி கார்டயும் அவங்ககிட்டயே குடுத்துட்டு வா.”